மனம் மாறியவர்கள் எத்தனை பேர், அணி மாறியவர்கள் எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கருக்கலைப்பு பற்றி ஒரு கருத்துக்கணிப்பு வந்தால் இரண்டொரு நாளில் நம் நாளிதழ்களின் உலகச் செய்திப் பக்கத்திலும் அது இடம்பிடித்துவிடுகிறது. ‘இளைஞர்கள் மனம் மாறுகிறார்கள்’, ‘பெண்களிடையே ஆதரவு எகிறியது’ என்று தலைப்பு. கீழே நான்கைந்து சதவீதங்கள். என்ன கேள்வி கேட்டார்கள், எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பது பெரும்பாலும் செய்தியில் இருப்பதில்லை. கருத்தாய்வு எண்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் எங்களுக்கு இது உறுத்துகிறது. கருக்கலைப்பு சரியா, தவறா என்ற வாதத்துக்குள் இக்கடிதம் போகவில்லை. அந்த எண்களை எப்படிப் படிப்பது என்பது மட்டுமே பேச்சு.

முதலில் மொத்தக் கணக்கு. அமெரிக்கக் கருத்தாய்வு நிறுவனமான பியூ ஆய்வு மையம் தொகுத்துத் தரும் வரிசையில், ‘எல்லாச் சூழ்நிலைகளிலும் அல்லது பெரும்பாலானவற்றில் சட்டபூர்வமாக இருக்க வேண்டும்’ என்றவர்கள் 1995இல் 60 சதவீதம். 2024இல் 63 சதவீதம். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளில் மூன்று சதவீதப் புள்ளி. இடையில் 2009ஐ ஒட்டி இது 50க்கும் கீழே இறங்கி, பிறகு ஏறியது. ஆகவே வரைபடத்தை 2009இல் தொடங்கினால் ‘பெரும் எழுச்சி’ என்று எழுதலாம். 1995இல் தொடங்கினால் ‘அசைவே இல்லை’ என்று எழுதலாம். இரண்டும் ஒரே தரவு. தொடக்க ஆண்டை யார், ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்காமல் எந்த ‘மாற்றத்தையும்’ நம்ப வேண்டாம்.

மொத்தம் இப்படி மெதுவாக நகரும்போது பிரிவுகளின் எண்கள் துள்ளுகின்றன. 1975இல் கேலப் என்ற மற்றொரு கருத்தாய்வு நிறுவனம் கேட்டபோது, ‘எந்தச் சூழ்நிலையிலும் சட்டபூர்வம்’ என்றவர்கள் குடியரசுக் கட்சியினரில் 18 சதவீதம், ஜனநாயகக் கட்சியினரில் 19 சதவீதம். அதாவது, கட்சியை வைத்து ஒருவரது நிலைப்பாட்டை ஊகிக்கவே முடியாது. இன்று அதே கேள்விக்கு ஜனநாயகக் கட்சியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆம் என்கிறார்கள். குடியரசுக் கட்சியினரில் அது பத்தில் ஒருவர் என்ற அளவில்தான். பியூவின் கேள்வியிலும் இதே கதை: 2007இல் ஜனநாயகக் கட்சி 63, குடியரசுக் கட்சி 39, 2022இல் 80, 38, 2024இல் 85, 41.

இதைப் பார்த்ததும் ‘ஜனநாயகக் கட்சியினர் மனம் மாறிவிட்டார்கள்’ என்றுதான் எழுதத் தோன்றும். பொறுங்கள். 100 பேர் கொண்ட ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். இரண்டு கட்சிகளிலும் 50 பேர். ஒவ்வொரு கட்சியிலும் 30 பேர் ஆதரவு, 20 பேர் எதிர்ப்பு. இரண்டிலும் ஆதரவு 60 சதவீதம். இப்போது முதல் கட்சியிலிருந்து எதிர்ப்பாளர் 10 பேர் இரண்டாவதுக்குப் போகிறார்கள்; இரண்டாவதிலிருந்து ஆதரவாளர் 10 பேர் முதலாவதுக்கு வருகிறார்கள். முதல் கட்சியில் இப்போது 40 ஆதரவு, 10 எதிர்ப்பு: 80 சதவீதம். இரண்டாவதில் 20 ஆதரவு, 30 எதிர்ப்பு: 40 சதவீதம். ஊரின் மொத்தம் அதே 60. கருக்கலைப்பு பற்றி ஒருவர்கூட மனம் மாற்றிக்கொள்ளவில்லை, கட்சியைத்தான் மாற்றிக்கொண்டார்கள். வந்து நிற்கும் 80, 40 என்ற எண்கள் 2022இன் நிஜ எண்களுக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

நிஜத்தில் நடந்தது கலவைதான். கருத்துக்கு ஏற்பக் கட்சி மாறியவர்களும் உண்டு. கட்சிக்கு ஏற்பக் கருத்தை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. எது எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் புதிது புதிதாக ஆயிரம் பேரைக் கேட்கும் கணிப்பால் சொல்ல முடியாது. அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய என்ஓஆர்சி நிறுவனம் 1972 முதல் நடத்திவரும் பொது சமூகக் கணக்கெடுப்பு, 2006இல் கேட்டவர்களில் ஒரு பகுதியினரை 2008இலும் 2010இலும் மறுபடி கேட்டது இதற்காகத்தான். இந்த வகை ஆய்வுக்குச் செலவும் அதிகம், இடையில் நழுவிப்போகும் ஆட்களும் அதிகம். அதனால் அபூர்வம். மற்ற எல்லாக் கணிப்புகளிலும் ‘இந்தப் பிரிவு மாறியது’ என்பதற்குச் சரியான பொருள், ‘இன்று தன்னை இந்தப் பிரிவில் சேர்த்துச் சொல்பவர்கள், அன்று சேர்த்துச் சொன்னவர்களிடமிருந்து வேறுபடுகிறார்கள்’ என்பது மட்டுமே. பிறந்த ஆண்டு மாறாது. கட்சியும் மதமும் மாறும். கல்வித் தகுதியும் மாறும்; 1975இல் பட்டதாரி என்றால் ஒரு சிறு கூட்டம், இன்று அப்படியல்ல.

மதத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பியூவின் 2024 கணிப்பில் வெள்ளை இன இவாஞ்சலிக்கல் புராட்டஸ்டன்டுகளில் (விவிலியத்தையும் தனிமனித மனமாற்றத்தையும் வலியுறுத்தும் கிறித்தவப் பிரிவினர்) 73 சதவீதத்தினர் எல்லா அல்லது பெரும்பாலான சூழ்நிலைகளிலும் சட்டவிரோதமாக்க வேண்டும் என்றார்கள். எந்த மதத்தையும் சாராதவர்களில் 86 சதவீதத்தினர் சட்டபூர்வம் என்றார்கள். கத்தோலிக்கர்களில் 59 சதவீதம் சட்டபூர்வம் என்ற பக்கம். திருச்சபையின் போதனை நேர் எதிராக இருந்தும் இப்படி. (வாராவாரம் திருப்பலிக்குப் போகிறவர்களைத் தனியாக எடுத்தால் எண் தலைகீழாகும். ‘கத்தோலிக்கர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன.) இதற்கிடையே மதம் சாராதவர்களின் பங்கு 2007இல் 16 சதவீதமாக இருந்தது 2023–24இல் 29 சதவீதமாகியிருக்கிறது. இதன் விளைவை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். மதம் சாராதவர்களில் 85 சதவீதமும் மற்றவர்களில் 55 சதவீதமும் ஆதரிக்கிறார்கள், இந்த இரண்டும் காலம் முழுக்க அப்படியே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 16 சதவீதமாக இருந்தபோது மொத்த ஆதரவு 59.8. 29 சதவீதமாகும்போது 63.7. இரண்டு பிரிவிலும் ஆதரவு விகிதம் துளியும் நகரவில்லை. மொத்தம் நான்கு புள்ளி உயர்ந்துவிட்டது.

அடுத்தது கேள்வி. கேலப் 1975 முதல் மூன்று விடைகளைத் தருகிறது: எந்தச் சூழ்நிலையிலும் சட்டபூர்வம், சில குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும் சட்டபூர்வம், எல்லாச் சூழ்நிலையிலும் சட்டவிரோதம். 1975இல் இவை முறையே 21, 54, 22. 2023இல் 34, 51, 13. ஒருவர் 34ஐயும் 51ஐயும் கூட்டி ‘85 சதவீதம் பேர் ஆதரவு’ என்று தலைப்புப் போடலாம். இன்னொருவர் 51ஐயும் 13ஐயும் கூட்டி ‘மூன்றில் இரு பங்கினர் கட்டுப்பாடு கோருகிறார்கள்’ என்று போடலாம். இரண்டு கூட்டலும் சரி. நடுவில் நிற்கும் அந்தப் பெரிய கூட்டத்திடம் ‘பெரும்பாலான சூழ்நிலைகளிலா, ஒருசிலவற்றில் மட்டுமா’ என்று கேலப் தொடர்கேள்வி கேட்கிறது. ‘ஒருசிலவற்றில் மட்டும்’ என்பவர்களே அங்கே அதிகம். இந்தத் தொடர்கேள்வியைத் தவிர்த்துவிட்டு நடுப்பிரிவை எந்தப் பக்கமும் சேர்ப்பது ஏமாற்று வேலை.

கருக்காலத்தைச் சொல்லிக் கேட்டால் படம் வேறாகிறது. 2023இல் கேலப் கேட்டபோது, முதல் மூன்று மாதங்களில் சட்டபூர்வமாக இருக்கலாம் என்றவர்கள் 69 சதவீதம். அடுத்த மூன்று மாதங்களுக்கு 37. கடைசி மூன்று மாதங்களுக்கு 22. ஒரே நாட்டினர்தான், ஒரே கணிப்புதான்.

கேலப்பிடம் முத்திரைக் கேள்வி என்று ஒன்று உண்டு: ‘நீங்கள் ப்ரோ-சாய்ஸா (பெண்ணின் தெரிவுரிமைப் பக்கமா), ப்ரோ-லைஃபா (கருவின் உயிர்ப் பக்கமா)?’ 1995இல் ப்ரோ-சாய்ஸ் 56, ப்ரோ-லைஃப் 33 என்று இருந்தது. 2009 மே மாதம் முதன்முறையாக ப்ரோ-லைஃப் 51 சதவீதத்துடன் முந்தியது. 2022 மே மாதம் ப்ரோ-சாய்ஸ் பக்கம் 55க்கு 39 என்று மறுபடி புரண்டது. இது கொள்கையைவிட அடையாளத்தை அளக்கும் கேள்வி. ப்ரோ-லைஃப் என்று சொல்லிக்கொள்பவர்களிலேயே கணிசமானோர், தாயின் உயிருக்கு ஆபத்து, பாலியல் வன்கொடுமை போன்ற நிலைகளில் அனுமதிக்கலாம் என்கிறார்கள். ஆண்–பெண் இடைவெளி எங்கே பெரிதாகிறது என்பதும் இங்கேதான் புரியும். 2022இல் ப்ரோ-சாய்ஸ் முத்திரையை ஏற்றவர்கள் பெண்களில் 61, ஆண்களில் 48: இடைவெளி 13. பியூவின் 2024 சட்டக் கேள்வியில் பெண்கள் 64, ஆண்கள் 61: இடைவெளி 3. கேள்வியைச் சொல்லாமல் ‘ஆண்களும் பெண்களும் பிரிந்து நிற்கிறார்கள்’ என்று எழுதினால் அது பாதிச் செய்திதான். எங்கள் பார்வையில், சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பாலின வேறுபாடு சிறியது. அந்தப் பிரச்சினையைத் தன் பிரச்சினையாகக் கருதும் தீவிரத்தில்தான் வேறுபாடு பெரியது.

இனி, அதிகம் தவறு நடக்கும் இடம்: உட்பிரிவின் ஆள் எண்ணிக்கை. கேலப்பின் மே மாதக் கணிப்பில் தொலைபேசியில் பேசுவது ஏறத்தாழ 1,000 பேரிடம். ஆயிரத்துக்குப் பாடப்புத்தகப் பிழை வரம்பு (தற்செயலால் எண் இரு பக்கமும் விலகக்கூடிய அளவு) ±3.1 புள்ளி. நடைமுறையில் எடை போடுவதால் அது ±4 ஆகிறது. ஏன் எடை? 18 முதல் 29 வயதுக்காரர்கள் வயதுவந்தோரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஆயிரத்தில் 200 பேர் இருக்க வேண்டும். அவர்கள் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதில்லை. 120 பேர்தான் கிடைத்தார்கள் என்றால், ஒவ்வொருவரையும் 1.67 பேராக எண்ணி 200 ஆக்குகிறார்கள். சராசரி சரியாகிவிடும், நம்பகம் கூடாது. 120 பேர் சொன்னது 120 பேர் சொன்னதுதான்.

சரி, 200 பேரே கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் இளம் ஆண்கள் 100, இளம் பெண்கள் 100. நூறு பேருக்கான பிழை வரம்பு ±9.8. எடையால் வரும் வீக்கத்தை 1.5 என்று கொண்டால், அதன் வர்க்கமூலமான 1.22ஆல் பெருக்க வேண்டும்: ±12. இரண்டு பிரிவுகளின் வேறுபாட்டுக்கான வரம்பு இன்னும் பெரியது, 12ஐ 1.41ஆல் பெருக்கினால் ±17. ஆக, இளம் ஆண்களுக்கும் இளம் பெண்களுக்கும் 15 புள்ளி இடைவெளி என்று ஒரே ஒரு கணிப்பை வைத்துக் கட்டுரை எழுதினால், அந்த இடைவெளி வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். போன ஆண்டோடு ஒப்பிட்டு ‘இளைஞர்களிடையே 8 புள்ளி சரிவு’ என்பதும் இதே ரகம். 200 பேர் கொண்ட பிரிவுக்கு ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தின் வரம்பு ±12. செய்தியின் அடியில் ‘பிழை வரம்பு ±4’ என்று அச்சிட்டிருப்பது மொத்த மாதிரிக்கு மட்டுமே. அதை உட்பிரிவுக்கும் பொருத்திப் படிப்பதுதான் நாங்கள் அடிக்கடி காணும் பிழை.

இதற்கு வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். சில ஆண்டுகளின் கணிப்புகளை ஒன்றுசேர்ப்பது ஒரு வழி. கறுப்பின அமெரிக்கர்களைப் பற்றி கேலப் அப்படித்தான் செய்தது: 2001–07 ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கருக்கலைப்பு ஒழுக்கரீதியாக ஏற்கத்தக்கது என்றவர்கள் 31 சதவீதம்; 2017–20 ஆண்டுகளைச் சேர்த்தபோது 46. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுச் சொச்சம் பேரை மட்டும் வைத்துப் பார்த்தால் மேலும் கீழும் ஆடும் கோடுதான் தெரிந்திருக்கும். 1970களில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஆதரவு குறைவாக இருந்தது. பியூவின் 2024 கணிப்பில் கறுப்பினத்தவர் 73, வெள்ளையர் 60. தேவாலயத்தோடு நெருக்கமான உறவு கொண்ட ஒரு சமூகத்தில் நடந்த இந்த நகர்வுக்கு, இளைஞர் பற்றிய செய்திகளுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை என்பது எங்கள் வருத்தம். இன்னொரு வழி, பெரிய மாதிரி. பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் ஓர் ஆண்டில் 20,000க்கு மேற்பட்டோரிடம் கேட்கிறது. மார்மன்கள் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறித்தவப் பிரிவினர்), ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய வம்சாவளி) புராட்டஸ்டன்டுகள் போன்ற சிறு பிரிவுகளைப் பற்றியும் தனித்தனி மாநிலங்களைப் பற்றியும் பேச இந்த அளவு இல்லாமல் முடியாது.

கேட்கும் முறை மாறினாலும் எண் மாறும். பியூ நெடுங்காலம் தொலைபேசியில் கேட்டது. 2019 முதல் இந்த வரிசைக்கு அதன் இணையக் குழுவின் பதில்களைப் பயன்படுத்துகிறது. தொலைபேசியில் ‘தெரியவில்லை’ என்று தானாகச் சொல்லித் தப்பலாம். திரையில் அந்தக் கட்டம் இல்லாவிட்டால் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். ஒரே வரைபடத்தில் இரு முறைகளும் இருந்தால், இணைப்பு விழும் ஆண்டில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுவது நல்லது. பொது சமூகக் கணக்கெடுப்பும் கோவிட் காரணமாக 2021இல் நேர்முகத்திலிருந்து இணையத்துக்குப் போனது. அந்த ஆண்டின் எண்ணை முந்தைய எண்ணோடு நேராக ஒட்டக் கூடாது.

இணையக் கணிப்புகளிலும் இரண்டு வகை. முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்து அழைப்பது ஒன்று. பரிசுப் புள்ளிக்காகத் தானாக வந்து சேர்பவர்களிடம் கேட்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் 30 வயதுக்குட்பட்டோர், ஹிஸ்பானிக் என்று சொல்லிக்கொள்வோர் பிரிவுகளில் போலிப் பதில்கள் குவிகின்றன. இதைச் சோதிக்க பியூ அத்தகைய ஒரு கணிப்பில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தது. 30 வயதுக்குட்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் இருக்கிறது என்றார்கள்! இளைஞர் மனநிலை பற்றிப் பரபரப்பான எண் வந்தால் முதலில் எந்த வகைக் கணிப்பு என்று பாருங்கள்.

‘இளைஞர்கள் மாறினார்கள்’ என்ற வாக்கியத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. 2004இல் 18–29 வயதில் இருந்தவர்கள் 2024இல் 38–49 வயதில் இருக்கிறார்கள். 2004இன் இளைஞரையும் 2024இன் இளைஞரையும் ஒப்பிட்டால் இரண்டு தலைமுறைகளை ஒப்பிடுகிறோம்; யாரும் மாறியதாகக் காட்டவில்லை. மாறினார்களா என்று அறிய 2004இன் 18–29ஐ 2024இன் 38–49ஓடு வைக்க வேண்டும். அப்போதும் வயது ஏறியதால் மாறினார்களா, கருக்கலைப்பு உரிமையை நீக்கிய 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு போன்ற நிகழ்வால் மாறினார்களா என்று முழுதாகப் பிரிக்க முடியாது. பியூவின் 2024 எண்ணில் 30 வயதுக்குட்பட்டோரின் ஆதரவு 76 சதவீதம். இதை ‘இன்றைய இளைஞரில் 76’ என்று எழுதுவது சரி. ‘76ஆக உயர்ந்தது’ என்று எழுத எதிலிருந்து உயர்ந்தது என்ற சான்று வேண்டும்.

2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973இன் ரோ தீர்ப்பை ரத்து செய்த பிறகு உண்மையில் என்ன மாறியது? மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் கழித்த பிறகும் நிற்பவை சில. நடுப்பிரிவு ஏறக்குறைய அதே அளவில் இருக்க, ‘எந்தச் சூழ்நிலையிலும்’ என்ற முனை பெருத்து எதிர்முனை சுருங்கியிருக்கிறது. குடியரசுக் கட்சியினரின் சராசரி அசையவில்லை. கருக்கலைப்பில் தன் நிலைப்பாட்டைக் கொண்ட வேட்பாளருக்கு மட்டுமே வாக்களிப்பேன் என்றவர்கள் 2024இல் 32 சதவீதம். அதுவரையிலான கேலப் வரிசையில் இதுவே உச்சம். முன்பு இந்தப் பிடிவாதம் எதிர்ப்பாளர்களிடம் கூடுதலாக இருந்தது. இப்போது ஆதரவாளர்களிடம் கூடுதல். ரோ அமலில் இருந்தவரை ‘சில சூழ்நிலைகளில் மட்டும்’ என்ற பதில் நடைமுறையில் எதையும் தீர்மானிக்கவில்லை. மாநிலங்கள் தடைச் சட்டம் போட்ட பின், எந்தச் சூழ்நிலைகள் என்ற கேள்வி மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டது. சொல்லும் விடை அதேதான் என்றாலும் அதன் கனம் வேறு.

மாநிலங்களில் கருக்கலைப்பு பற்றி நடந்த வாக்கெடுப்புகளைக் கொண்டு கணிப்புகளைச் சரிபார்க்கலாம். ஆனால் வாக்கு ரகசியமானது. எந்தப் பிரிவு எப்படி வாக்களித்தது என்று பெட்டி சொல்லாது. அதற்கும் வாக்குச்சாவடி வாசலில் கேட்கும் கணிப்பைத்தான் நம்ப வேண்டும். கணிப்பே இல்லாமல் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. 2024 நவம்பர் அதிபர் தேர்தலில் மிசோரி மாநிலத்தில் டிரம்புக்கு 58 சதவீதத்துக்கும் மேல். அதே நாளில், மாநில அரசியல் சட்டத்தில் கருக்கலைப்பு உரிமையைச் சேர்க்கும் திருத்தத்துக்கு சுமார் 52 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 110. நூறைத் தாண்டும் அந்தப் பத்து, இரண்டுக்கும் வாக்களித்தவர்களின் குறைந்தபட்ச அளவு. ஃபுளோரிடாவில் டிரம்புக்கு 56, திருத்தத்துக்கு 57: குறைந்தபட்சம் 13. (ஒன்றில் மட்டும் வாக்களித்தவர்களால் சிறு வேறுபாடு வரும்.) ஃபுளோரிடாவில் 57 பெற்றும் திருத்தம் தோற்றது, அங்கே 60 தேவை. ‘ஃபுளோரிடா மக்கள் நிராகரித்தனர்’ என்று எழுதுவது எவ்வளவு தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. அதே நாளில் தெற்கு டகோட்டாவில் திருத்தத்துக்குப் பாதி வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் கான்சஸில், உரிமையை நீக்க வந்த திருத்தம் 41க்கு 59 என்று தோற்றதையும் மறக்க வேண்டாம். வாக்குச்சீட்டின் வாசகமும் தேவைப்படும் பெரும்பான்மையும் தெரியாமல் இந்த எண்கள் எதையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. இத்தகைய செய்தியோடு ஒரு சிறு கட்டத்தில், கேட்ட கேள்வியை விடைகளோடு முழுதாகத் தமிழில் தாருங்கள். நடத்திய நிறுவனம், தேதி, கேட்ட முறை, மொத்த எண்ணிக்கை ஆகியவற்றோடு, தலைப்பில் வரும் பிரிவில் எடை போடும் முன் இருந்த ஆள் எண்ணிக்கையையும் போடுங்கள். அந்த எண்ணிக்கையை நிறுவனம் வெளியிடவில்லை என்றால் ‘வெளியிடப்படவில்லை’ என்றே அச்சிடுங்கள். 100க்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிரிவைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கேலப்பின் பழைய எண்ணையும் பியூவின் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் இணைக்க வேண்டாம். எட்டு வரிகளுக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
கருத்தாய்வுப் புள்ளியியலில் பணிபுரியும் வாசகர்கள் இருவர்